சென்னைப் புழுக்கம், ஈரோட்டு வெயில்: குடிவருமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேட்டது இது: சென்னையிலிருந்து ஈரோட்டுக்கு வேலை மாற்றல், ஏப்ரலில் குடிவர வேண்டும். வீட்டில் 70 தாண்டிய மாமியார், 3 வயதுப் பையன். ஈரோட்டில் 42 டிகிரி என்று டி.வி.யில் பார்த்ததிலிருந்து பயம். சென்னையின் 37-லேயே தவித்துப் போனவர்கள். ஏ.சி. போட்டே ஆகவேண்டுமா, ஏர் கூலர் போதுமா? பார்த்து வைத்திருக்கும் இரண்டு வாடகை வீடுகளில் ஒன்று மூன்றாவது மாடி, அதற்கு மேல் மொட்டை மாடி. இன்னொன்று காலிங்கராயன் வாய்க்கால் பக்கம் தரைத்தளம், வாடகை கொஞ்சம் கூட. எதை எடுப்பது?

நான் நூல் மில்களில் ஈரப்பதம் பராமரிக்கும் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். பஞ்சுக்கும் நூலுக்கும் எவ்வளவு ஈரம் வேண்டும் என்று காற்றை அளந்து அளந்தே சம்பளம் வாங்கியதால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

சென்னையின் 37-ஐயும் ஈரோட்டின் 42-ஐயும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாது. வியர்வை கொட்டுவதால் உடம்பு குளிர்வதில்லை; கொட்டிய வியர்வை காய்ந்தால்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேலேயே காய்ந்தால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். அதே ஒரு லிட்டர் முதுகில் வழிந்து சட்டையை நனைத்துத் தரையில் சொட்டினால் உடம்புக்கு ஒரு லாபமும் இல்லை, தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். சென்னையில் மே மாதம் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது. ஈரோட்டில் முதலாவது. அதனால்தான் சென்னைக்காரர்கள் இங்கே வந்து முதல் வாரத்தில், "வெயில் சுடுது, ஆனா அந்தக் கசகசப்பு இல்லை" என்று ஆச்சரியப்படுகிறார்கள்.

இங்கேயுள்ள ஆபத்தும் அதிலேயேதான் இருக்கிறது. வியர்வை கண்ணில் படுவதில்லை. ஸ்கூட்டரில் பெருந்துறை ரோட்டில் மதியம் அரைமணி நேரம் போய்வந்தால் முகம் காய்ந்துதான் இருக்கும். சட்டையின் முதுகில் மட்டும் வெள்ளையாக உப்புக்கோடு தெரியும். தாகமும் தாமதமாகத்தான் எடுக்கும். நீர்க்கடுப்பு, தலைவலி, மாலையில் காரணமில்லாத எரிச்சல் என்று வேறு வேறு பெயரில் அது வெளியே வரும். சென்னையில் சட்டை நனைவதைப் பார்த்துத் தண்ணீர் குடித்துப் பழகியவர்கள் இங்கே கடிகாரத்தைப் பார்த்துக் குடிக்க வேண்டும். சிறுநீர் வெளிறிய மஞ்சளாக இருக்கிறதா, அடர்ந்த மஞ்சளா என்று பார்ப்பது எல்லாவற்றையும்விட நம்பகமான அளவுகோல்.

இப்போது கூலர் விஷயம். மில்லில் ஒவ்வொரு டிபார்ட்மென்டிலும் சுவரில் ஒரு பலகை தொங்கும். அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தெர்மாமீட்டர். ஒன்று சும்மா இருக்கும். இன்னொன்றின் குமிழில் மல்லுத் துணித் திரி சுற்றி, திரியின் மறுமுனை கீழே சின்னத் தண்ணீர்க் குப்பிக்குள் கிடக்கும். ஒன்றை டிரை என்பார்கள், மற்றதை வெட் என்பார்கள். திரியிலிருந்து தண்ணீர் காயக் காய வெட் கீழே இறங்கும். காற்று வறண்டிருந்தால் நிறைய இறங்கும், ஈரமாக இருந்தால் கொஞ்சம்தான் இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அட்டவணையில் பார்த்து ஈரப்பதம் எவ்வளவு என்று நோட்டில் எழுதுவோம். குப்பியில் தண்ணீர் வற்றிப்போய்த் திரி காய்ந்துவிட்டால் இரண்டும் ஒரே அளவு காட்டும். புது ஆள் அதை அப்படியே நோட்டில் எழுதிவைத்துத் திட்டு வாங்குவது எல்லா மில்லிலும் நடப்பதுதான்.

ஏர் கூலரும் அந்த ஈரத் திரியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. எவ்வளவு நல்ல கூலரானாலும் வெட் காட்டும் அளவுக்குக் கீழே காற்றைக் குளிர்விக்க முடியாது. வீட்டுக்கு வாங்கும் கூலர் அந்த வித்தியாசத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு தூரம் போனாலே பெரிய விஷயம். ஈரோட்டில் ஏப்ரல் பிற்பகல், டிரை 40, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வையுங்கள். வெட் 26-ஐ ஒட்டி இருக்கும். வித்தியாசம் 14. கூலர் வாயில் வரும் காற்று 30 டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிடும். 40-லிருந்து 30! சென்னையில் டிரை 35, ஈரப்பதம் 65 என்றால் வெட் 29-ஐத் தாண்டி நிற்கும். வித்தியாசமே 6 தான். கூலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினாலும் 31-க்குக் கொண்டுவரும், கூடவே அறையில் இருக்கிற ஈரத்தோடு இன்னும் ஈரத்தைச் சேர்த்துப் படுக்கை விரிப்பையே பிசுபிசுக்க வைத்துவிடும். சென்னையில் கூலர் வாங்கிப் பரண் மேல் ஏற்றியவர்கள் உங்களுக்குத் தெரிந்தே நாலு பேர் இருப்பார்கள். அந்த அனுபவத்தை வைத்து ஈரோட்டுக் கூலரை எடைபோட வேண்டாம்.

சந்தேகமிருந்தால் நீங்களே அளக்கலாம். கடையில் கிடைக்கும் இரண்டு சாதாரண அறைத் தெர்மாமீட்டர் போதும். ஒன்றின் குமிழில் நனைத்த பருத்தித் துணியைச் சுற்றி, ஃபேன் காற்றில் பத்து நிமிடம் வையுங்கள். வித்தியாசம் 10-க்கு மேல் என்றால் கூலர் ஜோராக வேலை செய்யும். 6-க்குக் கீழே என்றால் காசைச் செலவழிக்காதீர்கள்.

கூலரை வைக்கும் விதத்தில்தான் பாதிப்பேர் கோட்டை விடுகிறார்கள். ஏ.சி. மாதிரி நினைத்துக்கொண்டு ஜன்னல் கதவையெல்லாம் சாத்திவிட்டு உள்ளே கூலரை ஓட்டுவார்கள். ஒரு மணி நேரத்தில் அறை சென்னையாகிவிடும். கூலரின் முதுகு திறந்த ஜன்னலைப் பார்த்து இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் ஒரு கதவோ ஜன்னலோ ஒரு சாண் திறந்திருக்க வேண்டும். வெளிக்காற்று நனைந்து உள்ளே வந்து, அறையைச் சுற்றி வெளியே போகணும். ஈரோட்டுப் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. கூலரில் தண்ணீர் ஊறி நிற்கும் பேடில் அது வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். குடிநீர்க் குழாய்த் தண்ணீர் ஊற்ற மனசு வராது, அது நியாயம்தான். அப்படியானால் வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து பேடைக் கழுவுங்கள். தேங்கிய நல்ல தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும் என்பதால் எப்படியும் வாரத்துக்கு ஒருமுறை காலி செய்துதான் ஆகணும்.

கூலருக்கு எதிரி கோடை மழை. மே மாதத்தில் மூன்று நாலு நாள் தொடர்ந்து கொளுத்தும், மாலையில் மேற்கே கருக்கும், இடி இடிக்கும், சில நாள் நாலு தூறலோடு ஏமாற்றிவிட்டுப் போகும். அன்றைக்கு ராத்திரி இருக்கிற இறுக்கம் சொல்லி மாளாது. டிரை குறைந்திருக்கும், வெட் ஏறியிருக்கும். அந்த ராத்திரிகளில் கூலரின் பம்பை அணைத்துவிட்டு வெறும் காற்றாடியாக மட்டும் ஓட்டுங்கள். உங்கள் சென்னைப் பழக்கம் எல்லாம் அன்றைக்குச் செல்லும்.

ஏ.சி. வேண்டுமா என்றால், உங்கள் வீட்டில் வயதானவர் இருப்பதால் ஒரே ஒரு படுக்கையறைக்குப் போடுங்கள் என்பேன். வயதாக ஆக வியர்ப்பது குறைகிறது, தாக உணர்வும் மங்குகிறது. வியர்க்காத உடம்புக்கு முன்னால் 42 டிகிரி காற்றை ஃபேன் வேகமாக அடித்தால் அது குளிர்விப்பதில்லை, சூடேற்றுகிறது. காற்று 40-ஐத் தாண்டினால் ஃபேனை மட்டும் நம்ப வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஃபேன் மறுபடி உதவிக்கு வரும், ஏனென்றால் உடம்பு சுரக்காத வியர்வையைத் துண்டு கொடுத்துவிடுகிறது. ஹாலுக்குக் கூலர், மாமியாரும் பையனும் மதியம் படுக்கும் அறைக்கு ஏ.சி. அதை 26, 27-ல் வைத்து மெதுவாக ஃபேனும் சுற்றினால் போதும். சென்னையில் ஏ.சி. குளிர்விப்பதோடு காற்றிலிருக்கும் தண்ணீரையும் பிழிந்து எடுக்க வேண்டியிருந்தது. வெளியே குழாயில் பக்கெட் நிரம்பியது அதனால்தான். இங்கே ஏப்ரலில் அந்தக் குழாய் அவ்வளவாகச் சொட்டாது. கூலர் ஓடும் ஹாலுக்கும் ஏ.சி. அறைக்கும் நடுவில் கதவு மூடியிருக்கட்டும், இல்லாவிட்டால் ஹாலில் சேர்த்த ஈரத்தை ஏ.சி. காசு செலவழித்து வெளியேற்றிக்கொண்டிருக்கும்.

சென்னையிலிருந்து வருபவர்கள் உடனே மாற்றிக்கொள்ள வேண்டிய இன்னொரு பழக்கம் ஜன்னல். அங்கே மதியம் கடல்காற்று வரும், அதற்காக ஜன்னலைத் திறந்தே வைப்பீர்கள். கடல்காற்று தாமதமாகும் நாளில்தான் சென்னை கொதிக்கும். 2003 மே 31 அன்று 45 டிகிரி தொட்டதே, மேற்கிலிருந்து வீசும் தரைக்காற்று கடல்காற்றை உள்ளே விடாத நாட்கள் அந்த மாதிரிதான். ஈரோட்டுக்குக் கடல் எந்தப் பக்கமும் கிட்டத்தில் இல்லை. மதியம் ஜன்னலைத் திறந்தால் வருவது அனல். காலை எட்டரை, ஒன்பதுக்கெல்லாம் கிழக்கு ஜன்னலில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சாத்தித் திரையை இழுத்துவிடுங்கள் (கூலருக்குப் பின்னாலிருக்கும் ஜன்னல் மட்டும் விதிவிலக்கு). வெயில் தாழ்ந்து வெளியே உள்ளேயைவிடக் குளிர்ந்ததும் அத்தனையையும் திறந்து, விடிய விடியக் காற்றை விடுங்கள். வறண்ட காற்று வழியாகத் தரையின் சூடு ராத்திரி வானத்துக்குச் சுலபமாகப் போய்விடும். அதனால் இங்கே பகலுக்கும் இரவுக்கும் 12, 13 டிகிரி வித்தியாசம் சாதாரணம். சென்னையில் அவ்வளவு இறங்காது. அங்கே விடியற்காலை நாலு மணிக்கும் தலையணை சூடாக இருக்கும்.

பழைய கொங்கு வீடுகள் இந்த வித்தியாசத்தை வைத்தே கட்டப்பட்டவை. தொட்டிக்கட்டு வீட்டில் நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், ஒன்றரை இரண்டடி கனத்துக்கு மண்சுவர், மேலே ஓடு. பகலெல்லாம் கனமான சுவர் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும், உள்ளே வர விடாது. ராத்திரி முற்றம் வழியாகச் சூடு மேலே போய்விடும். முன்னாலிருக்கும் ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், மதியம் மூன்று மணிக்குக் கயிற்றுக் கட்டிலில் படுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். தோட்டத்துச் சாளையில் (தோட்டத்திலேயே இருக்கும் சின்ன வீடு) வேப்பமர நிழல் கூரையிலேயே விழுகிற மாதிரி மரம் வைத்திருப்பார்கள். இப்போது அதே தோட்டத்தில் பெயின்ட் அடித்த கான்கிரீட் வீடு கட்டிவிட்டு, மதியம் படுக்க அந்த வேப்பமரத்தடிக்கே வருகிறார்கள். கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய சூட்டை மெதுவாக உள்ளே இறக்கும். மதியம் ஒரு மணி வெயில் சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்கு உங்கள் தலைக்கு மேல் வந்து சேரும். ஃபேன் அந்தக் கூரைக்கடியில் தேங்கிய சூட்டைத்தான் கீழே தள்ளும்.

மேல்மாடியில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சுலபமான வழி வெள்ளைதான். மொட்டை மாடித் தரைக்குச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ அடித்தால் வீட்டுக்குள் தெரிகிற அளவுக்கு வித்தியாசம் இருக்கும். ஹவுஸ் ஓனரிடம் பேசுங்கள், செலவில் பாதியைக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மாலையில் மாடியில் தண்ணீர் தெளிப்பதும் வேலை செய்யும். ஆனால் கோடையில் குடிக்கிற தண்ணீரை மாடியில் கொட்டுவது எனக்குப் பிடிக்காது. துணி அலசிய கடைசித் தண்ணீர் என்றால் சரி.

வீடு பார்க்கும்போது வடக்கு தெற்கு பார்க்காமல் மேற்குச் சுவரைப் பாருங்கள். நாமக்கல் கோழிப்பண்ணைகளைப் பஸ்ஸில் போகும்போது கவனித்தால் தெரியும், கொட்டகைகள் எல்லாம் கிழக்கு மேற்காக நீண்டிருக்கும். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய முனைகளில் மட்டும் விழட்டும் என்பதுதான் கணக்கு. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். ஒரு மதியம் தப்பினால் நூற்றுக்கணக்கில் சாகும். அதனால் பண்ணைக்காரர்கள் வெயிலை நம்மைவிடக் கவனமாகப் படிக்கிறார்கள். கூரைமேல் தென்னங்கீற்று, ஸ்பிரிங்ளர், உள்ளே பனிபோலத் தூவும் குழாய்கள் எல்லாம் உண்டு. கோடை மழை பெய்த மறுநாள் அந்தத் தூவலையே நிறுத்திவிடுவார்கள். காரணம் மேலே சொன்ன அதே டிரை, வெட் கணக்கு.

கொங்கு நாட்டில் எல்லா ஊருக்கும் ஒரே கோடை என்று நினைக்க வேண்டாம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுப்போயிருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கோவை, பொள்ளாச்சி, உடுமலைக்கு அந்த வழியாகக் காற்று வந்துவிடும். கோவையில் மார்ச்சும் ஏப்ரலும்தான் கடினம். மே கடைசியில் மேல்காற்று (மேற்கிலிருந்து வீசும் காற்று) கிளம்பினதும் மாலை நேரம் மாறிவிடும். ஆடியில் பல்லடம் பக்கம் காற்றாலை சுற்றும் வேகத்தைப் பார்த்தால் மேலே சொல்லத் தேவையில்லை. ஈரோட்டைவிடக் கோவை 200 மீட்டருக்கு மேல் உயரம், அதற்கே ஒன்றரை டிகிரி குறையும். கிழக்கே வர வர நிலம் காவிரியை நோக்கி இறங்குகிறது. மலைகளின் மறுபக்கம் மழையை விட்டுவிட்டு இறங்கும் காற்று கீழே வர வரச் சூடாகி வறண்டுபோகும். ஈரோடு, பவானி, கரூர், பரமத்தி எல்லாம் அந்தப் பள்ளத்தில் இருக்கின்றன. கரூர் பரமத்தி 42, 43 என்று செய்தியில் அடிபடாத வருடம் குறைவு. சேலத்துக்குச் சுற்றிலும் மலை, காற்று சுலபமாக உள்ளே வராது.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி: சென்னைக்கும் இங்கேயும் காலண்டரே வேறு. கத்திரி என்று மே 4-லிருந்து 28 வரை ஊரெல்லாம் பேசும். சென்னைக்கு அதற்கப்புறமும் ஜூன் முழுக்க வெயில் இருக்கும். ஈரோட்டுக்கு உச்சம் ஏப்ரல், மே முதல் பாதி. அப்புறம் கோடை மழையும் மேல்காற்றும் மெதுவாகக் கை கொடுக்கும். பங்குனியில் ஈரோடு பெரிய மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டு, விடியற்காலையிலேயே பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக ஊற்றுவார்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் ஊரே நனைந்துவிடும். நீங்கள் வரும் சமயத்தில் நடந்தால் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

வெப்ப அலை என்று செய்தி வந்தால் அதையும் ஊரோடு சேர்த்துப் படிக்க வேண்டும். சமவெளியில் 40 டிகிரியையாவது தொட்டு, அந்த நாளின் வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடினால்தான் (அல்லது நேராக 45-ஐத் தொட்டால்) வானிலைத் துறை அப்படிச் சொல்லும். கடலோரத்துக்கு 37 போதும். ஏற்கெனவே 38, 39 வழக்கமாக இருக்கும் ஈரோட்டில் 41 என்பது கணக்குப்படி வெப்ப அலை ஆகாமல் போகலாம். உடம்புக்கு அது தெரியாது. தமிழக அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணமும் உண்டு. ரோடு போடுகிறவர்கள், செங்கல் சூளைக்காரர்கள், வயல்வேலைக்குப் போகிறவர்களுக்கு அது முக்கியமான மாற்றம்.

இவ்வளவு வறண்ட ஊரிலும் புழுக்கத்தை நாமே தயாரித்து வைத்திருக்கிறோம். நூல் வறண்டால் அறுந்துபோகும். அதனால் ஸ்பின்னிங் மில்லில் ஈரப்பதத்தை 55, 60 சதவீதத்துக்கு மேல் பிடித்து வைப்போம். தறிக்குடோன்களில் காற்று அடித்து நூல் அறுகிறது என்று ஃபேனைக்கூட யோசித்துத்தான் போடுவார்கள். பனியன் கம்பெனி அயர்ன் டேபிளிலும் சாயப்பட்டறைகளிலும் நீராவி. திருப்பூரிலும் பள்ளிபாளையத்திலும் அந்த ஷிப்டை முடித்துவிட்டு, சிமென்ட் அட்டை போட்ட லைன் வீட்டுக்கு வந்து படுக்கிறவர்களுக்குக் கொங்கின் வறண்ட காற்றும் கிடைப்பதில்லை, ராத்திரிக் குளிர்ச்சியும் கிடைப்பதில்லை. அட்டைக்கு மேல் வெள்ளை அடிப்பது, கீழே தென்னங்கீற்றுத் தடுக்கு கட்டுவது என்று ஓனர்கள் செய்யக்கூடியது நிறைய, செய்கிறவர்கள் குறைவு. உங்கள் வீட்டு வேலைக்கு வருகிறவர் அப்படியொரு லைன் வீட்டிலிருந்து வருபவராக இருந்தால் மதிய நேர வேலையைக் காலைக்கு மாற்றிக் கொடுங்கள். இங்கே காட்டு வேலைக்காரர்கள் சொல்வது, "பொழுது ஏறங்காட்டி வேலையை முடிச்சுப்போடோணும்." வெயில் ஏறுவதற்கு முன்னால் வேலையை முடித்துவிட வேண்டும் என்று அர்த்தம். வெயிலைப் பற்றிய அறிவுரையில் இதை மிஞ்சியது எனக்குத் தெரியாது.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஊரே சொல்லிக்கொடுக்கும். கம்மங்கூழ், சின்ன வெங்காயம், மோர் மிளகாய், மோரில் உப்பு போட்டுப் பெருங்காயம் தூவி, நொங்கு, விடியற்காலையில் கிடைத்தால் தெளுவு (பதநீர்), பொள்ளாச்சி இளநீர். கூழும் மோரும் வேலை செய்வது தண்ணீரோடு உப்பையும் கொடுப்பதால்தான், மற்றபடி மாயமில்லை. ரோட்டோரக் கரும்புச் சாற்றில் ஐஸைத் தவிர்த்துவிடுங்கள், மீன் பெட்டிக்குப் போகும் ஐஸும் அதுவும் ஒரே இடத்திலிருந்து வரலாம். மாமியாருக்கு ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் கோடைக்கு முன்னால் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். உப்பு அதிகம் கூடாது என்று சொல்லியிருந்தால் உப்பு மோரையும் கேட்டுத்தான் கொடுக்கணும். பையனுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட், கையில் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்பைக் கண்ணளவில் போடாதீர்கள்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். வெயிலில் தலைசுற்றி உட்கார்ந்தவர் நிழலுக்கு வந்து தண்ணீர் குடித்துத் தெளிந்தால் சரி. பேச்சு குழறினால், ஆள் அடையாளம் தெரியாமல் உளறினால், உடம்பு கொதித்துக்கொண்டு மயங்கினால் அது வெப்பத் தாக்கு. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை சும்மா இருக்கக் கூடாது: உடையைத் தளர்த்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பாரசிட்டமால் இந்தச் சூட்டுக்கு வேலை செய்யாது.

மலைக்குப் போவது பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் முதல் வெயிலிலேயே கேட்பீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், ஏற்காடு 1,500-ஐ ஒட்டி. ஊட்டிக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும், மே மாத விடுமுறையில் குளிர்ச்சியைவிட டிராபிக்தான் அதிகம் கிடைக்கும். ஈரோடு மாவட்டத்துக்குள்ளேயே தாளவாடி இருக்கிறது. சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு, புலிகள் காப்பகம் என்பதால் ராத்திரி வாகனக் கட்டுப்பாடு உண்டு, பகலில் போய் வாருங்கள். மேலே காற்று குளிர்ந்திருந்தாலும் வெயில் தோலைச் சுடும். பையனுக்குத் தொப்பி மறக்காதீர்கள்.

கடைசியாக வீடு. தரைத்தளத்தை எடுங்கள். வாய்க்கால் பக்கம் என்பதால் கரும்பும் மஞ்சளும் நெல்லும் இருக்கும், தண்ணீர் ஓடும் மாதங்களில் ராத்திரி கொஞ்சம் இறுக்கம் தெரியும், கூலர் ஊருக்குள் வேலை செய்கிற அளவுக்குச் செய்யாது, கொசு கட்டாயம் உண்டு. ஜன்னலுக்கெல்லாம் வலை அடிக்கச் சொல்லி வாடகை பேசும்போதே ஒத்துக்கொள்ள வையுங்கள். இதெல்லாம் சேர்ந்தாலும், தலைக்கு மேல் வெயிலில் காய்ந்த கான்கிரீட்டோடு வயதானவரையும் குழந்தையையும் ஏப்ரல் மே கழிக்க வைப்பதைவிட மேல். வாடகையில் மிச்சம் பிடிப்பது கரண்ட் பில்லில் போய்விடும். முடிவு செய்யுமுன் இரண்டு வீட்டையும் இன்னொரு முறை போய்ப் பாருங்கள். புரோக்கர்கள் காலை பத்து மணிக்குத்தான் காட்டுவார்கள். நீங்கள் சாயங்காலம் ஆறு மணிக்குச் சாவி கேளுங்கள். மேற்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள், ஃபேனைப் போட்டுக் கால்மணி நேரம் அதற்குக் கீழே உட்காருங்கள், மாமியாரையும் உட்கார வையுங்கள்.